ஒரே குடும்பம், பதினேழு தடவை

“ஒரே குடும்பத்தோட பதிவைப் பதினேழு தடவை ஏத்தியிருக்கீங்க. எதுக்கு மேடம்?”

பூவிழி மோரை நீட்டினாள்.

தா.பழூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவ நிலையம் அது. குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவு அவள் பொறுப்பு. அதற்கான மென்பொருளை எழுதிய அறிவரசன், பெரம்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். வழியெல்லாம் அரைத்தூக்கம். பச்சை வயல்கள் நகர நகர, மூடிய கண்ணுக்குள் பதிவில் பார்த்த பிள்ளைகளின் பெயர்கள் மிதந்துகொண்டிருந்தன.

வேலை பார்ப்பதாகப் படம் காட்டுகிறாள் என்பது அவன் முடிவு. மாலைக்குள் அவன் அறிக்கை அறக்கட்டளைக்குப் போனால் அவளுக்கு வேலை இருக்காது. தன் மென்பொருளில் தப்பிருக்கும் என்று தோன்றவே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

“நீங்களே பாருங்க சார்.”

அந்தச் சின்னம்மாள் குடும்பத்தின் பதிவைக் கணினியில் திறந்தாள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளையின் ஊசித் தேதியை மட்டும் மாற்றிச் சேமித்தாள். மூத்தவன் சரத்குமாரும் நடுவில் பிறந்த சிவரஞ்சனியும் காணாமல் போனார்கள்.

அறிவரசனுக்குத் தூக்கம் கலைந்தது. டிபன் கேரியரில் ஒரு அடுக்கை மாற்றச் சொன்னால், மற்ற அடுக்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தது அவன் எழுதிய நிரல்.

“அப்புறம் என்ன செய்வீங்க?”

“குடும்பத்தையே அழிச்சுட்டு, நோட்டைப் பாத்து மூணு பேரையும் மொத்தமா ஏத்துவேன். எல்லாக் குடும்பத்துக்கும் இப்படித்தான். எட்டு மாசமாச்சு. ஒரு புள்ளைக்கும் ஊசி தவறல சார்.”

மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரலில் நாலே வரி திருத்தினான். இப்போது எந்தப் பிள்ளையின் தேதியை மாற்றினாலும் மற்ற இருவரும் அப்படியே நின்றார்கள். கனவில் பார்ப்பது போல அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“முதல் நாளே மேலிடத்துல சொல்லியிருக்கலாமே மேடம்? பழி உங்க மேலதானே விழ இருந்துச்சு.”

“சொல்லலாம்னு போனைக் கையில எடுத்துட்டேன் சார்.” கொஞ்சம் தயங்கினாள். “பயிற்சி குடுக்க வந்தப்ப எங்களுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வச்சீங்க. புதுசா குடித்தனம் தொடங்குறவரு, நம்ம புகாரு அவரு வேலைக்கு உலை வச்சிடக் கூடாதேன்னு விட்டுட்டேன்.”