நான்காவது தடவை

சங்கு அண்ணன் கோர்ட் வாசலில் நின்று அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.

மூன்றாவது தடவைக்கு ஆள் வந்துவிட்டது.

நான் விழாத குறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினாறு வருடமாக இந்த கோர்ட்டில் தட்டச்சு செய்கிறேன். அந்தப் பெயருக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

அது எங்களிடம் இருப்பதிலேயே கிழடு தட்டிய வழக்கு, இருபத்திரண்டு வருடப் பழசு. தையல் கடையில் வேலை பார்த்தவன் முதலாளியின் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மெஷின் அகப்பட்டது, ஆள் அகப்படவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வருமுன்பே முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷின் மட்டும் எங்கள் பின்னறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சங்கு அண்ணன் தன் சாப்பாட்டுப் பையை அதன் மேல்தான் வைப்பார்.

சங்கு என்பது எங்கள் கோர்ட் டவாலிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவர் கூப்பிட்டால் எதிர்க்கடையில் டீ குடிப்பவன்கூட எழுந்து நிற்பான். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திருடனைக் கூப்பிடுவார். ஆள் இல்லை என்பார். நீதிபதி வழக்கைத் தள்ளிவைப்பார். ஆறு நீதிபதிகள் மாறியும் இது மாறவில்லை.

இன்று வந்து நின்றவர் ஒரு கொத்தனார். கால்விரல் இடுக்கில் காய்ந்த சிமெண்ட். இருபுறமும் போலீஸ்காரர்கள்.

மாதக் கடைசிக்குள் பழைய வழக்குகளை ஒழித்துக்கட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பெயர் ஒத்துப்போனது, வயதும் ஏறக்குறைய ஒத்துப்போனது. அதற்கு மேல் பொருத்தம் பார்க்க இது என்ன கல்யாணமா?

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியுமா என்றுகூட யாரும் அவரைக் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்த வக்கீல் அவர் காதில் ஓதியது எனக்கே கேட்டது. ஒத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் வீடு. செய்யவில்லை என்று சாதித்தால் வழக்கு முடிய மூன்று வருடம், அதுவரை உள்ளே. குற்றம் செய்யாதவருக்கு எங்கள் ஆட்கள் காட்டும் சலுகை அவ்வளவுதான்.

வாசலில் அவருடைய மகள் கைக்குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். சங்கு அண்ணன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்க மறந்து அங்கேயே நின்றார். வயசாகிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நீதிபதி குற்றத்தைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

கொத்தனார் மகளைத் திரும்பிப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கு அண்ணன் அதே பெயரை நான்காவது தடவை கூப்பிட்டார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இவருக்கு மூளை குழம்பிவிட்டதே என்று பதறினேன்.

கூப்பிட்டவர், தன் தோளில் கிடந்த சிவப்பு டவாலிப் பட்டையைக் கழற்றினார். மடித்து என் மேஜையில் வைத்தார். நேராகப் போய்க் கூண்டில் ஏறி, கொத்தனாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

“நான்தாங்க ஐயா அது. வேலையில சேர்ந்தது செத்துப்போன எங்க அண்ணன் பேர்ல.”

பதினாறு வருடமாக அவரோடு ஒரே டீயைப் பாதி பாதி குடித்தவன் நான்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருபத்திரண்டு வருடமாக ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்று கேட்டார்.

சங்கு அண்ணன் முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார்.

“ஒரு வாய்தாகூடத் தவறினதில்லீங்க ஐயா.”