பாப்பாவுக்கு இன்னொரு தடவை

"பாப்பாவுக்கு இன்னொரு ஸ்கேன் எடு" என்றார் டாக்டர், டெக்னீஷியனிடம்.

குழந்தைகள் வார்டிலிருந்து அன்றுதான் ஸ்கேன் பிரிவுக்கு மாற்றலாகி வந்த நர்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து இதே பாட்டுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போர்வைக்குள் ஒரு சின்ன உருவம் அசையாமல் கிடந்தது.

"பச்சப்புள்ள சார். எத்தன தடவ ரேடியேஷன் குடுப்பீங்க?"

"படம் திருப்தியா வர்ற வரைக்கும்."

"அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அம்மாவா?" டெக்னீஷியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

நர்ஸுக்குச் சுர்ரென்று ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வேலை போனாலும் பரவால்ல. என்னைத் தாண்டி எடுங்க பாப்போம்!"

பிள்ளையை வாரித் தூக்கினாள். போர்வை நழுவியது. கையோடு வந்தது தலை மட்டும். பிளாஸ்டிக் தலை.

டெக்னீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு கம்மி ரேடியேஷன்ல படம் தெளிவா வரும்னு இந்தப் பொம்மையில கண்டுபிடிச்சுட்டா, நெசப் பிள்ளைங்களுக்கு ஒரே தடவையில முடிச்சிரலாம்மா. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே."

நர்ஸின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. தலையைக் கழுத்தில் பொருத்தி, போர்வையை இழுத்து மூடினாள்.

"பொம்மைய எத்தன தடவ வேணா எடுங்க சார். நெசப் பிள்ளைக்கு 'இன்னொரு தடவை'ன்னு சொன்னீங்கன்னா, இதே இடத்துலதான் வந்து நிப்பேன்."

டாக்டர் டெக்னீஷியனைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவான்னு சிரிச்சியே, வந்துட்டாங்க பார். இனிமே அவங்களைக் கேட்டுட்டு எடு."