ஒரு போத்தல் செவ்விளநீர்

"அம்மா... தண்ணி."

"இன்னும் நேரம் வரேல்ல ராசா. கொஞ்சம் பொறுங்கோ."

"நாக்கு காயுது அம்மா..."

நிலுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வார்ட் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தாள்.

அடுத்த கட்டிலில், காய்ச்சலோடு கிடந்த மகன் சஜீத்தின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பஸ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை டெங்குவில் வாடிக் கிடக்கிறது, தாய்க்காரி கப்பல் பார்க்கிறாளாம்!

"என்ன தங்கச்சி, புள்ள இப்பிடிக் கெஞ்சுது. ரெண்டு மடக்குக் குடுத்தா என்ன?"

"ஏலாது அக்கா. டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே."

கேட்டாள்தான். காலையில் டொக்டர் அம்மா அந்தக் கட்டிலடியில் நின்று நிலுஷாவுக்கு விளங்கப்படுத்தினார்.

"அஞ்சலோவுக்குப் போன வருஷமும் டெங்கு வந்திருக்கு. ரெண்டாந்தரம் வந்தா, கிருமியை எதிர்க்கிற சக்தி சில பிள்ளைகளுக்கு அளவு மிஞ்சிக் கோவிக்கும். அந்தக் கோவத்தில இரத்தக் குழாய்கள் கசியும். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. கூடக் குடிச்சா தண்ணி நெஞ்சுக்குள்ள போய் நிக்கும். இந்தக் கோப்பையால அளந்துதான் குடுக்கவேணும்."

டொக்டர்மார் ஆயிரம் சொல்வார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செவ்விளநீர் கொடுத்து எந்த வீட்டில் என்ன கெட்டுப்போனது என்பது பஸ்மியாவின் கட்சி. மத்தியானம் பார்க்க வந்த புருஷன் அஸீம், கிண்ணியாவிலிருந்து ஒரு பெரிய போத்தல் நிறையச் செவ்விளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சஜீத்துக்கோ அதைக் கண்டாலே குமட்டியது.

"அக்கா, சோதிக்க எடுத்த இரத்தத்தை லாப்பில குடுத்திட்டு வாறன். மகனை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. ஒண்டும் மட்டும் குடுத்திடாதேங்கோ."

நிலுஷா போனாள். பிள்ளை இந்தப் பக்கம் திரும்பியது.

"மாமி... தண்ணி."

அதற்குமேல் பஸ்மியாவால் தாங்க முடியவில்லை. தாய்க்கு இரக்கமில்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குமா இல்லை? போத்தலைத் திறந்து பிள்ளையின் வாயில் வைத்தாள். அஞ்சலோ மூச்சுவிடாமல் குடித்தான், இன்னும் கேட்டான், முழுவதையும் குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் வயிறு குளிர்ந்தது. முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, வெறும் போத்தலைத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

பின்னேரம், பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும் நேரம் பிள்ளைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

முதலில் தாதி மிஸ்ஸி ஓடி வந்தார். பிறகு டொக்டர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவரின் முகம் மாறிப்போனது.

"பிள்ளைக்கு ஆர் என்ன குடுத்தது? உண்மையைச் சொல்லுங்கோ, எனக்கு இப்பவே தெரியவேணும்!"

பஸ்மியா சொல்லத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை.

லாப்பிலிருந்து திரும்பியிருந்த நிலுஷா குனிந்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே கிடந்த போத்தலைப் பார்த்தாள். பஸ்மியாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் டொக்டர். செவ்விளநீர். ஒரு பெரிய போத்தல், முழுக்கக் குடுத்திட்டன்."

"நீங்கள் ஒரு தாயா? படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

சுற்றியிருந்த தாய்மார் உச்சுக் கொட்டினார்கள். 'இவளெல்லாம் ஒரு பொம்பிளையா' என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். நிலுஷா தலையைக் குனிந்தபடி, பிள்ளையைக் கொண்டுபோன தள்ளுகட்டிலுக்குப் பின்னால் போனாள். பஸ்மியா நின்ற இடத்திலேயே நின்றாள். இவ்வளவு நடந்தும் வாய் திறக்காத தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

இருட்டுவதற்குள் அவளால் பொறுக்க முடியாமல் போனது. சஜீத்தை மிஸ்ஸியிடம் ஒப்படைத்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலுக்கு ஓடினாள். நிலுஷா செபமாலையை உருட்டிக்கொண்டு தனியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள எப்பிடி, தங்கச்சி?"

"என்ன குடிச்சவர் எண்டு உடனே தெரிஞ்சபடியா மருந்து குடுக்க ஏலுமாப் போச்சாம். ஆனா, இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாதாம்."

பஸ்மியா அவள் காலடியில் உட்கார்ந்து விம்மினாள்.

"என்ட பழிய நீங்க ஏன் எடுத்தீங்க? நான் இப்பவே போய் டொக்டரிட்டச் சொல்றன்."

"வேண்டாம் அக்கா. உங்கட மகனுக்கும் காய்ச்சல் விடப்போகுது. இனித்தான் அவருக்கு அந்த ஆபத்தான நேரம். உங்களை வெளியில போகச் சொன்னா அவருக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"அதுக்காக அவ்வளவு ஏச்சையும் வாங்கிட்டு நிண்டீங்களே..."

நிலுஷாவின் விரல் ஒரு மணியில் நின்றது.

"அது எனக்கு வரவேண்டிய ஏச்சுத்தான் அக்கா. போன வருஷம் இதே வார்ட்டில, தண்ணி கேட்டு அழுத என்ர மூத்த மகளுக்கு நானும் மிஸ்ஸிக்குத் தெரியாமல் செவ்விளநீர்தான் குடுத்தனான். ஆர் குடுத்தது எண்டு டொக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டவர். பிள்ளையின்ர மூச்சு நிக்குமட்டும் நான் வாய் திறக்கேல்ல."