வேலியோரத்தில் நின்றவன்

கர்ட்டின் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அவர் அடுத்த புகைப்படத்தின் மேல் குனிந்தார்.

டிரம் வாசிப்பவர்களை அவர் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைத்தான் பார்த்தார்.

ஒரு தொப்பி. இன்னொரு தொப்பி. ஐஸ்கிரீம் வழியும் ஒரு குழந்தை.

அவன் இல்லை.

மணி மூன்று. நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் ஆறு மணிக்குள் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேரலாம். அம்மா இன்று ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தொண்ணூற்று நான்கு வயது. ஒரு வாரமாக ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். செத்துப்போன மகனின் முகம் நினைவுக்கு வரவில்லையாம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமாம்.

காட்டுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. நிலவறையில் ஆற்று வெள்ளம் புகுந்த வருஷம் ஆல்பங்கள் எல்லாம் கூழாகிவிட்டன.

அதனால்தான் ஐம்பத்திரண்டு வருஷமாக எந்தச் சந்திப்புக்கும் வராதவர் இன்று வந்திருந்தார். ஹெரான்ஸ் என்ற அந்த டிரம் இசை அணியின் பழைய ஆட்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ கையில் பியரைத் திணித்தார்கள். அது மேசையில் தொடப்படாமல் சூடாகிக்கொண்டிருந்தது.

"டேரில், வேலிக்குப் பின்னால எவளைடா தேடற?" என்றார் கர்ட். அந்தக் காலத்தில் பேஸ் டிரம் சுமந்தவர். "அவளுக்கும் இப்ப எழுபது தாண்டியிருக்கும். விட்டுடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிமிராமலே விஷயத்தைச் சொன்னார். கூடப் பிறந்தவன் பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்கெல்லாம் வருவான், டிக்கெட் வாங்கக் காசில்லாமல் வேலியோரமாக நின்று பார்ப்பான், ஏதாவது ஒரு படத்திலாவது விழுந்திருப்பான் என்றார்.

சிரிப்பு நின்றது. மர்லா இன்னும் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள்.

மர்லா அணியில் கொடி பிடித்தவள். படங்கள் எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. பின்பக்கம் பெயர் எழுதாமல் ஒரு படத்தையும் கையை விட்டு அனுப்ப மாட்டாள். புருவம் வரை இறங்கிய இறகுத் தொப்பி, தாடையை மறைக்கும் வார். அந்தச் சீருடையில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. நிற்கும் இடத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். எழுபத்திரண்டாம் வருஷம், சின்ன டிரம் வரிசையில் மூன்றாவது என்றால் டேரில்.

மூவரும் தேடினார்கள். மூன்றே கால். மூன்றரை.

எதிரணியின் படம் ஒன்று கையில் சிக்கவும் கர்ட்டால் சும்மா இருக்க முடியவில்லை. இருபத்தொரு வயதைத் தாண்டியவனுக்கு அணியில் இடமில்லை என்பது விதி. அந்த அணியின் ஊதுகொம்புக்காரன் அக்கா மகனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி உள்ளே நுழைந்திருந்தான். ஊதி முடித்து மைதானமே நிசப்தமாக இருந்த நேரத்தில், அவன் பெண் குழந்தை பார்வையாளர் வரிசையிலிருந்து 'அப்பா' என்று கத்திவிட்டது. கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மர்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

பிறகு கர்ட் ஒரு படத்தை அவர் முன்னால் நகர்த்தினார். எழுபத்திரண்டின் இறுதிப் போட்டி. வரிசையில் இரண்டாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்துக்குப் புல்தரை தெரிந்தது.

"உன் எடம்தான். வேற ஆளப் போடச் சொன்னாங்க. டேரில் எடத்துல எவனும் நிக்கக் கூடாதுன்னு அத்தன பேரும் ஒத்தக் கால்ல நின்னோம்."

அவர் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அவர் சவப்பெட்டிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். இறுதிப் போட்டியைப் பார்க்க, கிடைத்த லாரியில் எல்லாம் தொற்றி ஏறி வந்துகொண்டிருந்தவன், பாதி வழியிலேயே செத்துப்போனான்.

மூன்றே முக்கால்.

"இவனா பாரு," என்றாள் மர்லா.

விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன். வேலிக் கம்பிக்குள் விரல்களை நுழைத்திருந்தான். மற்றவர்களைப் போல அவன் வாய் திறந்திருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வாசிப்பவர்களின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு ஆமென்று தலையசைத்தார்.

கர்ட் அவர் தோளை அழுத்தினார். மர்லா படத்தைத் திருப்பிப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பெயர் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றாள். அணியின் சார்பில் மலர் வளையம் அனுப்பியபோது அட்டையில் எழுதியது அவள்தானாம். வெய்ன், டேரிலின் அண்ணன் என்று எழுதி, மை காய ஊதிவிட்டு நீட்டினாள்.

அவர் கை நீட்டி வாங்கவில்லை.

அன்றைக்கு அணியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இறந்தது எந்தச் சகோதரன் என்று கேட்டபோது, அந்தப் பெயரைச் சொன்னது அவர்தான்.

"அத அடிச்சிடு மர்லா. இவன்தான் டேரில். என் தம்பி."

கர்ட் சிரித்தார். "அப்ப நீ யாருடா?"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. கர்ட்டின் சிரிப்பும் பாதியில் நின்றது.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு. பர்த் சர்டிபிகேட் அவனோடது," என்றார் வெய்ன். "அதனாலதான் அவன் வேலிக்கு வெளிய நின்னான்."