போணி நெருப்பு

பக்கத்துச் சால்வைக் கடை தோவா பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு இன்று நல்ல அர்ச்சனை என்று.

பின்னே? கடை திறந்ததும் திறக்காததுமாக முதல் ஆளாய் வந்து, அடுக்கியிருந்த பட்டுச் சால்வைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கலைத்து, கண்ணாடி முன்னால் அழகு பார்த்துவிட்டு, "தேங்க்யூ" என்று வெறுங்கையோடு படியிறங்கினால்? ஹனோயில், அதிலும் எங்கள் பட்டுத் தெருவில், முதல் ஆள் போணி பண்ணாமல் போனால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். அந்தப் பீடையை விரட்ட வாசலில் காகிதம் கொளுத்தியே ஆக வேண்டும்.

எரியும் காகிதத்தை அப்படியும் இப்படியும் வீசிக்கொண்டே கத்தினாள் தோவா.

"போ! உன் பீடையையும் கையோட எடுத்துட்டுப் போ! போற வழியில உன் செருப்பு அறுந்து போகட்டும்! ஏரியைச் சுத்தி வர்றதுக்குள்ள மழை கொட்டட்டும்!"

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து வணங்கினார். சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஃபோனில் ஒரு வீடியோ வேறு எடுத்துக்கொண்டு போனார்.

"பாத்தீங்களா அண்ணே, நான் என்னமோ பூ தூவுற மாதிரி சிரிச்சுட்டுப் போகுது!"

"விடும்மா, வயசானவங்க" என்றேன், என் விசிறிக் கடையிலிருந்து.

"உங்களுக்கென்ன, போணி ஆயிடுச்சு. எனக்கு ஒரு வாரமா ஒண்ணும் நகரல. இப்படியே போனா கடையை மூடிட்டு நூடுல்ஸ் கடையில பாத்திரம் கழுவத்தான் போகணும்."

அன்றைக்கும் ஒன்றும் நகரவில்லை.

மறுநாள் காலை தெருமுனையில் அதே சிவப்புத் தொப்பி. பின்னால் ஒரு கூட்டமே வந்தது. எல்லாரும் வயதான ஸ்வீடன்காரர்கள். கடைசியில் மூச்சு வாங்க, கையில் கொடியோடு, வழிகாட்டிப் பையன் வின்.

தோவா என் கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, சண்டைக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கு!"

சண்டை இல்லை. வாங்கினார்கள். பேரம்கூடப் பேசாமல், பொம்மை கழுத்தில் கிடந்த சால்வையைக்கூட விடாமல் வாங்கினார்கள். நானும் ஓடிப்போய் மடித்துக் கொடுத்தேன்.

"எப்படித் தம்பி இவ்வளவு பேரு?" என்று கேட்டேன்.

வின் அலுத்துக்கொண்டான். அந்தம்மா பக்கத்திலேயே நின்றிருந்ததைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? நம் மொழி அவருக்குத் தெரியவா போகிறது!

"எல்லாம் இந்தச் சிவப்புத் தொப்பி குனில்லா வேலை. மூணு நாளா ஒரு தண்ணி பாட்டில்கூட வாங்கல, கஞ்சக் கிழவி. இன்னைக்கு என்னடான்னா ஆமைக் கோபுரம் வேணாம், பொம்மலாட்டம் வேணாம், இந்தக் கடைக்குத்தான் போகணும்னு எல்லாரையும் இழுத்துட்டு வந்திடுச்சு."

வாங்கி முடித்தும் ஒருவரும் நகரவில்லை. வாசலில் வரிசையாக நின்று, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னும் என்ன தம்பி வேணும்?" என்றாள் தோவா.

"நேத்து அந்தம்மாவுக்குத் தீ காட்டி ஆசீர்வாதம் பண்ணீங்களாமே அக்கா? அது எல்லாருக்கும் வேணுமாம்."

"அய்யய்யோ! அது ஆசீர்வாதம் இல்லன்னு சொல்லிடு!"

"சொல்லலாம். சால்வை எல்லாம் திரும்பி வந்துடும், பரவாயில்லையா?"

தோவா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கண் கலங்கியிருந்தது. "வாங்கினவங்க மூஞ்சிக்கு நேரா நெருப்பு காட்டினா வந்த அதிர்ஷ்டமும் ஓடிப்போயிடும் அண்ணே. காட்டலேன்னா சரக்கு திரும்பிடும். நான் என்ன பண்ண?"

"நேத்து காட்டினதுக்கு அதிர்ஷ்டம் ஓடியா போச்சு? ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே!"

"நேத்து மாதிரியே கத்தணும் அக்கா" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான் வின். "வீடியோ பாத்திருக்காங்க. மெதுவா சொன்னா நம்ப மாட்டாங்க."

தோவா எட்டிப் பார்த்தாள். ஊன்றுகோலோடு ஒரு கிழவர், கழுத்தில் பூப்போட்ட சால்வையோடு, குழந்தை மாதிரி காத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. செய்தித்தாளை எடுத்துக் கொளுத்தினாள்.

அதே காலுதைப்பு. அதே கண் உருட்டல். அதே தொண்டை.

"போங்க! நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க! முட்டிவலி, இடுப்புவலி எல்லாம் இந்தப் புகையோட போகட்டும்! பெத்த புள்ளைங்க வாராவாரம் ஃபோன் பண்ணட்டும்! சால்வை சாயம் போகாம இருக்கட்டும்! போனாலும் என்னைத் திட்டாம இருங்க!"

தெருவே அதிர்ந்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டிவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள்.

சிவப்புத் தொப்பி மட்டும் நின்றது. தோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அட்சர சுத்தமான வியத்நாம் மொழியில் பேசியது.

"முதல் ஆளா வந்துட்டு வாங்காம போனது என் தப்புதாம்மா. பணப்பையை ஹோட்டல்லயே மறந்துட்டேன். சின்ன வயசுல இந்த ஊர்ல நர்ஸா இருந்தவ நான். எனக்கே தெரிய வேணாமா?"

தோவா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்ப... நேத்து நான் திட்டினது...?"

"பலிச்சிருச்சு. ஏரிக்கரையிலயே செருப்பு அறுந்துச்சு. இதுக்கு மேல பலிச்சா தாங்காதுன்னுதான், ஆசீர்வாதம்னு சொல்லி எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். என் பொய்யை நீ நிஜமாவே ஆக்கிட்டே."

தோவா அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சந்தடியில் என் விசிறிகளுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்த வின்னை அந்தம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். தான் வாங்கிய ஒரு நீலச் சால்வையை அவனிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி, உன் பொண்டாட்டிக்கு. கஞ்சக் கிழவி குடுத்தான்னு சொல்லு."