மாடி வீட்டு மருந்து

மாடிப்படியில் பாதி ஏறிய வீட்டுக்காரர் வெள்ளைத்துரை அப்படியே நின்றுவிட்டார். மாடியில் புதிதாகக் குடிவந்த பாலகுரு உள்ளே செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"சூடு எக்கச்சக்கமா ஏறுதுலே. பழைய மருந்தைச் சுரண்டிட்டேன். புது மருந்து தடவி இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கேன். போனா போகட்டும்."

சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் யாரும் இருமலுக்குக் குடிப்பதை நினைக்க மாட்டார்கள். வெடிமருந்துதான். போன சீசனில் பக்கத்து ஊரில் ஒருவன் வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக வெடி உருட்டினான். இப்போது அங்கே வீடு இல்லை, குழிதான் இருக்கிறது.

கதவைத் தட்டினார். பாலகுருவின் மனைவி எழில் திறந்தாள். நிறைமாத வயிறு.

"ஏத்தா, நீ இங்கன நிக்காத. கீழயும் நிக்காத. தெருவுக்குப் போயிரு" என்றவர், உள்ளே பாய்ந்தார்.

"எங்கலே மருந்து? பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுக்குள்ள அதை வைக்கலாமா? நீயெல்லாம் மனுசனா? உன் பிழைப்புக்கு எங்க உயிர்தான் கிடைச்சுதா?"

பாலகுரு திருதிருவென முழித்தான். மேஜையில் கம்ப்யூட்டர் மூடி கழற்றிக் கிடந்தது. அவன் கையில் ஒரு சின்ன டியூப்.

"இதைச் சொல்லுதீகளா அண்ணாச்சி? கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி பிராசஸர்னு ஒண்ணு இருக்கு, அது மேல தடவுற பேஸ்ட். சூட்டை இழுக்கும். நாங்க மருந்துன்னு சொல்லுவோம்."

"அப்ப எதைக் கூட்டுதே?"

"வேகத்தை. பட்டாசு லேபிள் டிசைன் பண்ண இது ரொம்ப மெதுவா ஓடுது. கம்பெனிக்காரன் பிராசஸர் வேகத்தைக் கூட்ட முடியாம பூட்டித்தான் விக்கான். அந்தப் பூட்டை ஒண்ணும் செய்ய முடியாது. அதான் அது உக்காந்திருக்க மதர்போர்டு வேகத்தைக் கூட்டி, அது வழியா இதை விரட்டுதேன். சூடாகும், அம்புட்டுதான். வெடிக்காது."

எழிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவ்வளவு பயமா இருந்தா போலீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

வெள்ளைத்துரை அவசரமாக மேஜைப் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப சூடானா என்னாகும் தம்பி?"

"சிப்பு கருகும். மிஞ்சிப்போனா ஒயர் பத்தி ரெண்டு பொறி விழும்."

"பொறியா?"

அது மரப்பலகையில் மாடித்தரை போட்ட பழைய மச்சு வீடு. அவர் பார்வை தரைப் பலகைகளின் இடுக்குக்குப் போனது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

பாலகுரு அவர் தோளைத் தொட்டான். "இதுக்கு ஏன் அண்ணாச்சி இப்படி நடுங்குதீக? உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

வெள்ளைத்துரை குரலைத் தாழ்த்தினார்.

"உன் மருந்து வெடிக்காது தம்பி. கீழ் ரூம்ல நான் மூட்டை மூட்டையா வச்சிருக்கது வெடிக்கும்லா."