ஆமைக்கு எழுதிய வரி

குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப்பட்டது என்று பார்த்து, வாக்கியமாக எழுத வேண்டும் என்பது புது உத்தரவு. எண் போட்டே பழகிய பத்தாம் வகுப்பு நாரை டீச்சருக்குத் தலை சுற்றியது.

முதல் பெயர் ஆமை. யோசித்து யோசித்து, "அமைதியான பிள்ளை. கழுத்தைக்கூட வெளியே நீட்டுவதில்லை" என்று எழுதினாள். நன்றாகத்தான் வந்தது. அடுத்தது மைனா. நாளைக் காலையிலேயே ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தாக வேண்டும்; இவளைப் பற்றி என்னத்தை எழுதுவது? அதே வரியைப் போட்டாள். அணிலுக்கும் அதுதான். மிச்சப் பேருக்கும் அதுதான்.

மறுநாள் வகுப்பில் சத்தமே இல்லை. அப்பாடா என்று உள்ளே நுழைந்தாள் நாரை.

"மைனா, எழுந்து பதில் சொல்லும்மா."

ஓயாமல் பேசுகிற மைனா வாயைத் திறக்கவில்லை. அவள் கழுத்து மெல்ல மெல்ல உடம்புக்குள் இறங்கி மறைந்தது. பிறகு அணிலின் தலை போனது. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் உள்ளே போயின. ஆமை மட்டும் எப்போதும்போல இருந்தது.

நாரை அலறியடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் ஆந்தையிடம் ஓடினாள். "சார், பிள்ளைங்க..."

"இருங்க டீச்சர்." ஆந்தை பேனாவை மூடினார். "டீச்சர்களைப் பத்தியும் எழுதி அனுப்பச் சொல்லிட்டாங்க. எனக்கு ஏது நேரம்? பிள்ளைங்களுக்கு நீங்க எழுதின வரி நல்லா இருந்துச்சு, அதையே உங்களுக்கும் போட்டுட்டேன்."

நாரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நீளமான கழுத்து அல்லவா, உள்ளே இறங்கி முடிக்க வெகுநேரம் பிடித்தது.